லாரி நிற்கிறதா?

சென்ற வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "நாளை முதல் மூன்று நாள் பங்க் எதுவும் திறக்காது. இப்போதே போட்டுக்கொள்ளவும். அனைவருக்கும் பகிரவும்." யார் சொன்னது, எதனால், எந்த ஊரில், ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடத்தில் அதே வரிகளை இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். மூன்று இடத்திலிருந்து வந்திருக்கிறது, அப்படியானால் உண்மைதான் என்று நான்காவது ஆள் தீர்ப்பு எழுதினார்.

மருமகள் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.

"வண்டியில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன்.

"பாதிக்கு மேல் இருக்கும், மாமா."

"அப்புறம் எதற்கு?"

"எல்லாரும் போகிறார்களே."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாரும் போய்விட்டால், போகாதவன் வண்டிதான் நாளை மறுநாள் நிற்கும். பொய்யான செய்தியைக்கூட ஊரே நம்பினால் அது மறுநாள் காலையில் உண்மையாகிவிடுகிறது. இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. கடலூரில் நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் 19 வருடம் கணக்கு எழுதியவன் நான். வரிசையில் நிற்கிறவர்களுக்கு முதுகுதான் தெரியும். எனக்கு முகங்கள் தெரிந்தன.

பங்க் கணக்கனின் முதல் வேலை காலையில் டிப் எடுப்பது. அளவுகோலை நிலத்தடித் தொட்டிக்குள் இறக்கி, நனைந்த தடத்தைச் சட்டென்று பார்த்து (பெட்ரோல் தடம் நமக்காகக் காத்திருக்காது, காய்ந்துவிடும்), அத்தனை சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அட்டவணையில் தேடி எழுத வேண்டும். அதில் அடிமட்டத்தில் கொஞ்சம் எப்போதும் கிடக்கும். பம்பு அதை உறிஞ்சாது. டெட் ஸ்டாக் என்போம். கோலில் தெரியும், குழாயில் வராது. "உள்ளே இருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று வரிசையில் யாராவது கத்தும்போதெல்லாம் எனக்கு அந்த டெட் ஸ்டாக்தான் நினைவுக்கு வரும். அவர் சொல்வது ஒரு வகையில் சரிதான்.

தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடிகாலையில். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். ஓடுகள் பாதி போய்விட்டன. அன்று முழுக்கப் பங்குக்குப் போக முடியவில்லை. சாலையே இல்லை, மரங்கள்தான் இருந்தன. மறுநாள் காலை டி.வி.எஸ். ஐம்பதைச் சில இடங்களில் ஓட்டியும் சில இடங்களில் தூக்கியும் போய்ச் சேர்ந்தேன். கூரையின் முகப்புத் தகடு எதிர்ப்பக்கத்து வயலில் கிடந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பங்க் வாசலில் அறுபது, எழுபது பேர்.

கோலை இறக்கினேன். பெட்ரோல் 6,200 லிட்டர். அடியில் கிடக்கும் 400 போனால் 5,800. எங்கள் வழக்கமான விற்பனை ஒரு நாளைக்கு 1,800. மூன்று நாளைக்குத் தாங்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைவிட அனுபவசாலி. "யாருடைய கணக்கில் மூன்று நாள்?" என்று கேட்டார்.

அப்போது பெட்ரோல் லிட்டர் 70 ரூபாயை ஒட்டி இருந்தது. பைக்காரர் ஒருவர் சாதாரணமாகப் போடுவது 50 ரூபாய்க்கு; முக்கால் லிட்டர்கூட வராது. காலையில் 50, சம்பள நாளில் 100. ஆனால் அவர் டேங்க் பத்து லிட்டர் பிடிக்கும். எங்கள் ஊரில் எந்த நேரத்திலும் ஆயிரக்கணக்கான டேங்குகள் முக்கால்வாசி காலியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அது ஒருவருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் எல்லாரும் ஒரே நாளில் நிரப்புவதில்லை. அன்று நிரப்ப வந்தார்கள். தலைக்கு எட்டு லிட்டர் என்றால் என் 5,800 லிட்டர் 725 வண்டிக்கு. மதியச் சாப்பாட்டுக்குள் தொட்டி காலி.

ஆகவே வண்டிக்கு 100 ரூபாய்க்கு மட்டும் என்று முடிவு செய்தோம். அட்டையில் கரியால் எழுதித் தொங்கவிட்டேன். நியாயமான முடிவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் அது வரிசையைக் குறைக்கவில்லை, நீட்டியது. 100 ரூபாய்க்குப் போட்டவர் நேராகப் போய் வால் பகுதியில் மறுபடி நின்றார். ஒரு சிவப்பு வண்டியை மூன்று முறை பார்த்தேன். பையனிடம் சாக்கட்டி கொடுத்து, போட்ட வண்டியின் மட்கார்டில் ஒரு கோடு போடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் கைக்குட்டையை நனைத்து வைத்திருந்தார்கள்.

ஜெனரேட்டர் இன்னொரு தலைவலி. பம்பு ஓட ஜெனரேட்டர், ஜெனரேட்டர் ஓட எங்கள் தொட்டி டீசல். விற்பதற்காகவே கொஞ்சம் குடித்துக்கொண்டிருந்தோம்.

வரிசையில் நின்ற எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு இருவர் வந்தார்கள். அந்த இயந்திரம் பெட்ரோலில்தான் ஓடும். அவர்கள் அறுத்தால்தான் சாலை திறக்கும், சாலை திறந்தால்தான் எங்களுக்கு லாரி வரும். அவர்களை முன்னால் விட்டதற்கு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகப் போய், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட வாடகையைக் கேட்டால் வயிறு எரியும். ஆனாலும் அவர்கள் இல்லாவிட்டால் குளியலில்லை, சமையலில்லை. கேனில் கொடுக்காதே என்று வரிசை கத்தியது. கொடுத்தேன். வராதவர்கள் என்றால் மீனவர்கள்தான். வாரந்தோறும் கேன் கேனாக டீசல் வாங்குகிறவர்கள், அந்த வாரம் படகை நிமிர்த்தவே ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஒரு கதையை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று காலை பங்க் வாசல் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே என் டி.வி.எஸ்.ஸை நிரப்பிவிட்டேன். அது போதாதென்று ஐந்து லிட்டரை ஒரு கேனில் பிடித்து, சாக்குப் போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டுபோனேன். காசு கட்டினேன், அது வேறு விஷயம். சமையல் எண்ணெய் வந்த வெள்ளை பிளாஸ்டிக் கேன் அது. உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் விடுகிறது. ஆனால் கண்ணாடி, பீங்கான், உலோகம் என்று பாத்திரத்தையும் அதுவே சொல்கிறது. எண்ணெய்க் கேன் அதில் இல்லை. சட்டம் தெரிந்த பங்க் கணக்கன் செய்த காரியம் இது. வீட்டில் மெழுகுவர்த்திதான் வெளிச்சம். கேன் மூடியைச் சுற்றி வாடை. மனைவி என்னையும் கேனையும் சேர்த்துக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினாள். லாரி வந்த பிறகு அதைத் தொடத் தேவைப்படவில்லை. சித்திரையில் நினைவு வந்து திறந்தால் ஐந்து லிட்டர் நாலரைகூட இல்லை, வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம். அதை ஊற்றி டி.வி.எஸ். செம்மண்டலம் வரைக்கும் இருமியது.

லாரி வந்தது மூன்றாம் நாள் மாலை. இறக்கும்போது விற்பனையை நிறுத்திவிடுவோம், ஆகவே வரிசை முழுவதும் சும்மா நின்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பின்னால் நின்ற சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டு வாங்காமல்! நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. இறக்கி முடித்ததும் முதலாளி டிரைவரிடம் போய், இன்னும் இரண்டு மணி நேரம் வாசலிலேயே நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டார். "காலி வண்டிதானே?" என்றார் டிரைவர். "உனக்கும் எனக்கும்தானே தெரியும்" என்றார் முதலாளி. ஆறு இட்லிக்கும் ஒரு டீக்கும் காலி லாரி நின்றது. ஏழு மணிக்கு வரிசை பங்க் வாசலுக்குள் அடங்கிவிட்டது. 100 ரூபாய் அட்டையால் முடியாததை நிற்கிற லாரி செய்தது.

அதற்குப் பிறகும் கூட்டங்கள் பார்த்தேன். 2012 மே 23 மாலை, நள்ளிரவு முதல் டெல்லிக் கணக்கில் லிட்டருக்கு 7 ரூபாய் 54 காசு ஏறும் என்று அறிவித்தார்கள். அன்று இரவு பன்னிரண்டு மணி வரை கை ஓயவில்லை. டேங்கை நிரப்பி ஒருவர் மிச்சம் பிடித்தது அதிகபட்சம் ஐம்பது, அறுபது ரூபாய். இரண்டு மணி நேரம் நின்றார். அந்த மாதிரி இரவுகள் இப்போது இல்லை. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலை மாறும் என்று ஆக்கிவிட்டார்கள், பைசா பைசாவாக ஏறியது, யாரும் வரிசையில் நிற்கவில்லை. வலிக்காமல் ஊசி போடுகிற டாக்டர்!

பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 இரவு வந்தவர்களுக்குப் பெட்ரோலே வேண்டாம். 500 ரூபாய்த் தாளை நீட்டி, 50 ரூபாய்க்குப் போட்டு 450 கொடு என்றார்கள். பழைய தாள்களைப் பங்குகள் வாங்கலாம் என்று சொல்லியிருந்தார்களே தவிர, சில்லறை எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. 500க்கும் போட்டால்தான் என்றோம். வாழ்க்கையில் முதல்முறை ஃபுல் டேங்க் போட்டதாக ஒரு தச்சர் என்னிடம் சொன்னார், துக்கமாக.

புதுச்சேரியில் என்னோடு படித்தவன் ஒருவன், சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வழி), பாரிஸுக்கு வடக்கே குடியேறி சரக்கு வேன் ஓட்டுகிறான். 2022 அக்டோபரில் அங்கே சுத்திகரிப்பு ஆலைகளில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில் ஏதாவது ஓர் எரிபொருள் இல்லை. சில மாவட்டங்களில் கேனில் பிடிக்கவே தடை போட்டார்கள். இரவு எனக்குப் போன் செய்தான். "நீதான் பங்க் ஆள். ஒரு வழி சொல்."

கடலூரில் உட்கார்ந்துகொண்டு பாரிஸுக்கு வழி சொன்னேன். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். நின்றுகொண்டு எஞ்சினை ஓடவிடாதே. இரண்டு நடையை ஒரு நடையாக்கு. பெட்ரோல் தேடி அலைவதில் போகிற பெட்ரோலைக் கணக்கில் வை. அங்கே ஒரு நிலையத்து ஆளைச் சிநேகம் பிடித்து லாரி வரும் நேரத்தைக் கேள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "லாரி ஆலைக்குள்ளேயே நிற்கிறது. வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த நேரத்தைக் கேட்பது?" எனக்குப் பதில் இல்லை. நான் பார்த்தது எல்லாம் சாலை அடைத்த பஞ்சம். வாசல் அடைத்த பஞ்சத்துக்கு என்னிடம் வித்தை கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரே ஒரு பழக்கம். முள் பாதிக்கு வந்தால் போடுவேன். முன்பு 50 ரூபாய்க்குப் போட்டவன்தான் நானும். ஏதாவது ஒரு மாதத்தில் ஒரே ஒருமுறை கையைக் கடித்துக்கொண்டு நிரப்பிவிட்டால், பிறகு பாதியிலிருந்து மேலே ஏற்றுவதற்கு ஆகும் செலவு பழைய செலவுதான். முதல்முறை நிரப்புவதுதான் கஷ்டம். அன்றாடம் 100 ரூபாயில் ஓடுகிறவரிடம் இதை அறிவுரையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் சட்டைப்பையில் இருப்பதைத்தான் டேங்கிலும் வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். மருமகளிடம் சாவியை வாங்கிக்கொண்டு நானே கிளம்பினேன். விலை குறைவு என்பதால் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் புதுச்சேரி எல்லை தாண்டி முள்ளோடையிலும் கன்னியக்கோயிலிலும் போடுகிறவர்கள். அங்கே அந்நேரம் திருவிழாவாக இருந்திருக்கும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பழைய பங்குக்குப் போனேன். நாற்பது வண்டிகள். நாசில் பிடித்திருந்த பையனுக்கு என்னைத் தெரியாது. உள்ளே ஓரமாக ஒரு டேங்கர் லாரி நின்றது. வண்டியை ஓரங்கட்டி, லாரியும் பங்க் விளக்கும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "லாரி நிற்கிறது. இப்போது பார்த்தேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்."

வீட்டுக்கு வந்து பார்த்தபோது பதினோரு கட்டைவிரல்கள். கடைசியாக, மூன்றாம் வீட்டுப் பையன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "தாத்தா, அந்த லாரி வந்த வண்டியா, இறக்கிவிட்டுப் போகிற வண்டியா?"

நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.