உள்ளேன், டீச்சர்: தாராவி நாட்குறிப்பு

ஜூன் 22, 2024, சனிக்கிழமை

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஒரு பையனுடைய அம்மாவின் கைப்பேசிக்கு மூன்று முறை குறுஞ்செய்தி வந்திருக்கிறது: உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை. மூன்று நாளும் அவன் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். சயானில் ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்த அந்த அம்மா, முதல் செய்தியைப் பார்த்ததும் பையன் எங்கோ சுற்றுகிறான் என்று பயந்து, அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி வேலையில் ஓடியிருக்கிறார். மாலையில் அவனைக் கேட்டபோது அவனால் நடந்ததைச் சொல்ல முடியவில்லை. விளக்கம் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில்தான் அவனுக்கு வாய் அதிகமாகத் திக்கும்.

அவனுக்கு வயது 13. ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளியில் படித்தான். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது, அவற்றில் தமிழும் ஒன்று. அங்கே வருகைப் பதிவின்போது பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். உயிரெழுத்தில் தொடங்கும் அந்தச் சொல் அவனுக்குப் பெரும்பாலும் வந்துவிடும். வராத நாளிலும் அவனைச் சிறு வயதிலிருந்து அறிந்த ஆசிரியை நிமிர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வார். இப்போது சேர்ந்திருக்கும் ஆங்கில வழிப் பள்ளியில் "ப்ரெசென்ட் மிஸ்" என்று சொல்ல வேண்டும். 'ப்' என்று உதடுகள் மூடுகின்றன, மூச்சும் குரலும் அதற்குப் பின்னால் நின்றுவிடுகின்றன. நாங்கள் இதை அடைப்பு என்போம். திக்குதல் என்றால் ஓர் ஒலி திரும்பத் திரும்ப வருவது என்றே பலர் நினைக்கிறார்கள். ஒலியே வராத இந்த அடைப்பு, எதிரே இருப்பவருக்கு வெறும் மௌனமாகத்தான் தெரியும். அறுபது பெயர்களைப் படித்து முடிக்க வேண்டிய ஆசிரியர் இரண்டு நொடி பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

மற்ற இடங்களில் அவன் தப்பிக்கும் வழி வைத்திருக்கிறான். 'பஸ்' வராது என்று தெரிந்தால் 'வண்டி' என்பான், 'பத்து' வராது என்றால் விரலைக் காட்டுவான். தன் பெயருக்கும் வருகைப் பதிவின் பதிலுக்கும் மாற்றுச் சொல் கிடையாது. அவன் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது என்பதைத் தவிர வேறெதையும் அவனைப் பற்றி அடையாளமாக எழுத மாட்டேன்.

ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை

இரவு உட்கார்ந்து பள்ளித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி முடித்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அவற்றில் பேச்சும் மொழியும் சார்ந்த குறைபாடு ஒன்று. அதன் 16ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. திக்குதல் பயத்தாலோ, வேறொருவரைப் பார்த்துப் பழகியதாலோ, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் பேசுவதாலோ வருவதன்று என்றும், மூளை பேச்சை ஒழுங்கு செய்யும் விதத்திலும் மரபணுவிலும் அதன் வேர் இருக்கிறது என்றும் எழுதினேன். பேச்சு தொடர்பான இடங்களில் அவனுக்கு வேண்டிய சலுகைகளைத் தருமாறு கேட்டு முடித்திருக்கிறேன். நாளை காலை அம்மா கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஜூன் 29, சனிக்கிழமை

பள்ளி மிகுந்த கனிவோடு பதில் தந்திருக்கிறது. வருகைப் பதிவில் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பில் வாய்விட்டுப் படிக்க வேண்டியதில்லை, வாய்மொழித் தேர்வுகளுக்குப் பதிலாக எழுதித் தரலாம், அறிவியல் செயல்திட்டத்தை அவன் குழுவில் இன்னொருவர் விளக்குவார். அம்மா கண்கலங்க நன்றி சொன்னார். அவன் மட்டும் வாசலருகே செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

மற்ற பிள்ளைகள் போன பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினான். பேச முடிந்தவன் எழுதிக் காட்டினான் என்பதே எனக்குப் போதுமான கண்டனம். "அந்த ப்ராஜெக்ட் முழுக்க நான் செஞ்சது டீச்சர். இப்ப வேற பையன் பேசப் போறான். நீங்க என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பத்து ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சி அளிக்கிறேன், எத்தனையோ பெற்றோரிடம் பிள்ளையின் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், அதே நான் அவனுக்காக ஒரு முழுக் கடிதத்தையே முடித்துக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியிருந்தது அவகாசம். நான் வாங்கிக் கொடுத்தது விலக்கு. இரண்டும் சட்டத்தின் பார்வையில் ஏற்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கலாம். ஒன்று பிள்ளையைப் பேச விடுகிறது, மற்றொன்று அவனை வகுப்பின் ஓரத்தில் மரியாதையாக உட்கார வைத்துவிடுகிறது.

ஜூலை 6, சனிக்கிழமை

90 அடிச் சாலைக்கு அருகிலுள்ள மாடி அறையில் இன்று பயிற்சி எதுவும் செய்யவில்லை. ஐந்து பிள்ளைகளும் தங்கள் பள்ளியில் யார் எதைச் செய்தால் உதவியாக இருக்கும், எது உதவி போலத் தெரிந்தாலும் வலிக்கிறது என்று எழுதினார்கள், எழுத முடியாதவர்கள் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் பதில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அண்ணப் பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரையில் பிளவோடு, பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே அறுவை சிகிச்சை முடிந்தது, என்றாலும் பேசும்போது அந்த மேற்கூரையின் பின்பகுதியான மென்அண்ணம் மூக்குவழியை முழுமையாக மூடுவதில்லை. வாய்க்குள் காற்றை அடக்கி அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டிய வல்லின எழுத்துகளில் காற்று மூக்கு வழியே கசிந்துவிடுகிறது. 'ப' கிட்டத்தட்ட 'ம' ஆகிறது, 'த' 'ந' ஆகிறது, 'ட' 'ண' ஆகிறது. மெல்லினம் மூக்கில் பிறக்கிறது என்று நம் இலக்கணம் சொல்வதும், வல்லினத்தோடு மெல்லினத்தை இணைத்து இன எழுத்து என்று வைத்திருப்பதும் அவளுடைய பேச்சைக் கேட்கும்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. அவள் சொல் சிதைவதில்லை, ஒவ்வொரு வல்லினமும் தன் இன எழுத்தின் வீட்டுக்குப் போய்விடுகிறது.

அவள் சொன்னது இது: "புரியலன்னா புரியலன்னு சொல்லணும். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டுப் போகக் கூடாது." ஆசிரியை தன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று தலையாட்டுகிறாராம், கழிவறைக்குப் போகக் கேட்டபோதும் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாராம்.

அவனுடைய பட்டியலில் மூன்று வரிகள். நான் முடிக்கும் வரை என்னைப் பார்த்துக் காத்திருங்கள். எனக்காகச் சொல்லை முடிக்காதீர்கள், மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துவிடு என்றும் சொல்லாதீர்கள். என்னையும் பேசக் கூப்பிடுங்கள். திங்கட்கிழமை வகுப்பாசிரியரைச் சந்தித்து இதை அவனே சொல்வதாக ஏற்பாடு.

ஜூலை 8, திங்கட்கிழமை

விடிவதற்கு முன் கொட்டிய மழையில் மத்திய ரயில் பாதையில் நீர் ஏறி ரயில்கள் நின்றுவிட்டன, பள்ளிகளுக்கும் விடுமுறை. சந்திப்பு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. ஒத்திகைக்கு இன்னும் நாலு நாள் கிடைத்ததே என்று அவனுக்கு மகிழ்ச்சி.

ஜூலை 10, புதன்கிழமை

ஒத்திகைக்காக அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாகத் தாராவியில் வாழும் ஆச்சி, அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நாக்கில் வசம்பு உரசித் தடவியதையும், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னதையும் சொன்னார். வசம்பு என்ற பெயரைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை, வழக்கம்போல 'பேர் சொல்லாதது' என்றார். தன் பேரைச் சொல்லத் தவிக்கும் பேரனுக்கு, பேர் சொல்லக் கூடாத மருந்து.

பிறகு குமரகுருபரர் கதை வந்தது. ஐந்து வயது வரை பேசாத பிள்ளையை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள், முருகன் அருளால் வாய் திறந்து பாடினான் என்ற கதை. பேரனுக்காக ஆச்சிக்கும் அங்கே நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது. அந்த நம்பிக்கையை நான் மறுத்துப் பேசுவதில்லை, பேரன் மீது அவருக்குள்ள அன்பின் மொழி அது. ஆனால் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், பாடுவதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் அந்தக் குழந்தை பசியையும் கோபத்தையும் எப்படித் தெரிவித்தது, யார் அதைப் புரிந்துகொண்டார்கள் என்றே மனம் தேடுகிறது. சிறு வயதில் திக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். 13 வயதிலும் தொடர்ந்தால், அது முற்றிலும் மறையும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதை ஆச்சியிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவன் திக்குனாலும் கேக்குதவன் கேக்கணும்" என்றார்.

ஜூலை 13, சனிக்கிழமை

சந்திப்பு நேற்று நடந்தது. நான் பின் பெஞ்சில் உட்காரலாம், பேசக் கூடாது என்பது அவன் வைத்த நிபந்தனை.

முதல் வாக்கியம் "எனக்குத் திக்கும்" என்பது. ஒத்திகையில் அதைத்தான் அதிகம் பழகினோம். திக்குதலை மறைக்க முயல்பவருக்கு மறைப்பதே பெரிய வேலையாகி, உடல் இன்னும் இறுகுகிறது. முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தச் சுமை பாதி இறங்கிவிடுகிறது. நேற்று ஆங்கிலத்தில் அதைச் சொல்ல அவனுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பக்கவாட்டில் இழுத்தான், ஆசிரியர் பதறிப்போய்ச் சொல்லை எடுத்துக் கொடுத்தார், அவன் உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தானே முடித்தான். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் தன் சந்தேகத்தை ஒளிக்காமல் கேட்டார்: கிரிக்கெட் விளையாடும்போது கத்துகிறாய், எல்லோரோடும் சேர்ந்து செய்யுள் சொல்லும்போது திக்குவதே இல்லை, கேள்வி கேட்டால் மட்டும் ஏன்? நல்ல கேள்வி, பலரும் மனத்துக்குள் வைத்துக்கொண்டு பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டும் கேள்வி. பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்குதல் பெரும்பாலும் மறைந்துவிடும், நாளுக்கு நாள் கூடிக் குறையும், அது நடிப்பன்று என்று அவன் சொன்னான். இந்த விளக்கத்தை அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்து ஓராண்டு இருக்கும்; அவன் நினைவில் வைத்திருந்தது எனக்கே தெரியாது.

வருகைப் பதிவில் காத்திருப்பதற்கும் அறிவியல் செயல்திட்டத்தை அவனே விளக்குவதற்கும் ஆசிரியர் சம்மதித்தார். வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் தர மட்டும் சான்றிதழ் வேண்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. சட்டச் சலுகைகள் பலவற்றுக்கும் வேண்டிய 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோலைத் திக்குதல் எட்டுவது அரிது. பாந்த்ராவில் 1983 முதல் இயங்கும், பேச்சு மற்றும் செவித்திறன் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் எடுத்த பரிசோதனை அறிக்கை அவனிடம் இருக்கிறது. அதைக் கொடுத்துப் பார்ப்போம். பொறுத்துக் கேட்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்பது என் கருத்து, 16ஆம் பிரிவும் எந்தச் சதவீதத்தையும் குறிப்பிடவில்லை.

ஜூலை 27, சனிக்கிழமை

செயல்திட்டம் முடிந்தது. வழக்கமாக ஐந்து நிமிடம், அவனுக்குப் பதினொன்று. பின்வரிசையில் ஒருவன் "ஹக்லா" என்றான், இந்தியில் திக்குவாயன் என்ற கேலி. ஆசிரியர் திட்ட எழுந்தபோது இவன் "ஆமா, ஹக்லாதான், இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தானாம். அன்றிரவு வீட்டில் அழுதான் என்று அம்மா சொன்னார். இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

அண்ணப் பிளவுச் சிறுமி, நான் பயிற்சியில் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போனாள். மூக்குக்குக் கீழே பிடித்து 'பாப்பா' என்றால் மற்றவர் கண்ணாடி தெளிவாக இருக்கும், அவளுடையதில் ஆவி படியும். வகுப்பில் எல்லோரையும் செய்து பார்க்க வைத்து, எழுத்து எங்கே கசிகிறது என்று காட்டியிருக்கிறாள்.

மூளை முடக்குவாதமுள்ள ஒன்பது வயதுப் பையனின் விஷயம் மட்டும் நகரவில்லை. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படங்களைத் தொட்டுத் தமிழில் பேசுகிறான். கைப்பேசித் தடையைக் காட்டி அந்த டேப்லெட்டை வகுப்புக்குள் விடவில்லை. மாற்று வழித் தொடர்பு முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. கடிதம் எழுதக் கை பரபரத்தது, முதலில் அவனைக் கேட்டேன். 'நான்', 'அம்மா', 'போ', 'பள்ளி' என்று நான்கு படங்களைத் தொட்டான். அம்மாவோடு அவனே போகிறான்.

ஆகஸ்ட் 10, சனிக்கிழமை

புதன்கிழமை காலை அவனுடைய அம்மாவிடமிருந்து அழைப்பு. வகுப்பாசிரியர் விடுப்பு, பதிலுக்கு வந்தவர் காத்திருக்கவில்லை, மறுபடியும் 'வரவில்லை' என்ற குறுஞ்செய்தி. "நீங்க ஒரு போன் போட்டுப் பேசுறீங்களா டீச்சர்?" என்றார். மாலை வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் பொறுக்க முடியாமல்தான் இருந்தேன். பகல் ஒரு மணிக்கு அவருக்கு இன்னொரு செய்தி வந்தது, வருகை திருத்தப்பட்டது என்று. இடைவேளையில் தன் மூன்று வரித் தாளை எடுத்துக்கொண்டு புது ஆசிரியரிடம் அவனே போயிருக்கிறான்.

மழையில் நனைந்து, மடித்து மடித்து, அந்தத் தாள் நடுவில் கிழிந்திருக்கிறது. லேமினேட் செய்து தரச் சொல்கிறான். மராத்தி ஆசிரியருக்கு மட்டும் வேறு தாள், அதை மராத்தியில் தானே எழுதப்போகிறானாம். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்தலாம், வாக்கியத்தில் கைவைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.