இருபத்தாறாவது பெயர்

பிப்ரவரி நடுவில் வசந்த முகாமுக்குப் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் அதைப் பிடிப்பவர்கள்) முதலில் வந்து சேர்வார்கள், மற்றவர்கள் சில நாள் கழித்து. வட அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில் பாதிக்கு ஃபுளோரிடாவிலும் பாதிக்கு அரிசோனாவிலும் முகாம். சுமார் ஆறு வாரம். மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும்போது ஒவ்வொரு அணியின் பட்டியலிலும் 26 பெயர்தான் இருக்க முடியும்.

முதன்முதலாக முகாமுக்கு வரும் 21 வயதுப் பையனுக்கு 26 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். கழித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அதில் பிட்சர்கள் 13 பேர் வரை இருக்கலாம், ஏறக்குறைய எல்லா அணியும் 13 பேரையே வைத்துக்கொள்ளும். மீதி 13-இல் தினமும் ஆடுகிறவர்கள் 9 பேர். இரண்டாவது கேட்சர் ஒருவர் இல்லாமல் முடியாது. மிச்சம் மூன்று நாற்காலி. ஒன்று ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவிலுள்ள இடம்) உட்பட மூன்று இடத்தில் நிற்கக்கூடிய இன்ஃபீல்டருக்கு, இன்னொன்று வெளிமைதானத்தின் நடுவான சென்டர் ஃபீல்டைத் தாங்கக்கூடியவருக்கு, கடைசி ஒன்றுக்குத்தான் அடிதடி.

அந்த மூன்று நாற்காலியிலும் இளைஞனை உட்காரவைக்க நிர்வாகம் விரும்பாது. பெஞ்சில் இருப்பவருக்கு வாரத்தில் நாலைந்து முறை பேட் செய்யக் கிடைத்தால் அதிகம், வளர்கிற பையனுக்கோ தினமும் நாலு முறை வேண்டும். ஆகவே அந்த இடங்கள் 33 வயதுக்காரர்களுக்குப் போகும். பெரிய எதிர்பார்ப்புள்ள இளைஞனுக்கு அன்றாட ஆட்டக்காரன் இடம், இல்லையென்றால் ஒரு படி கீழே, மைனர் லீகின் மேல்படியான ட்ரிபிள்-ஏ. நடுவில் எதுவும் கிடையாது. திறமை குறைந்தவன் அணியில் இருக்க, நம் ஆளைக் கீழே அனுப்பிவிட்டார்களே என்று ரசிகர்கள் கொதிப்பதில் பாதி இது புரியாததால் வருவது.

அடுத்தது காகிதக் கணக்கு. 26-க்கு வெளியே 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாதவன் அழைப்பாளனாக முகாமுக்கு வரலாம், ஆனால் அணியில் சேர்க்க வேண்டுமானால் முதலில் அந்த 40-இல் இடம் வேண்டும். 40-உம் நிரம்பியிருந்தால் ஒருவரைக் கழற்றிவிட்டாக வேண்டும். அந்த 40-இல் இருப்பவரைக் கீழே அனுப்ப அணிக்கு மூன்று சீசன் உரிமை உண்டு, இதற்கு 'ஆப்ஷன்' என்று பெயர். ஒரு சீசனில் 20 நாளோ மேலோ கீழே இருந்தால் ஓர் ஆப்ஷன் செலவாகும். ஒரே சீசனுக்குள் இப்படி ஐந்து முறைதான் அனுப்பலாம். ஆப்ஷன் தீர்ந்தவரை அனுப்ப நினைத்தால் வெய்வரில் விடவேண்டும். அப்போது வேறெந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். ஆக, இரண்டு பேர் சமமாக ஆடினால் ஆப்ஷன் தீர்ந்தவர் தங்குவார், ஆப்ஷன் மிச்சமுள்ளவன் பெட்டி கட்டுவான். யாரையும் இழக்காமல் ஏப்ரலைத் தொடங்குவதுதான் நிர்வாகத்தின் வேலை.

இதற்குமேல் சேவை நாள். சீசன் 186, 187 நாள் ஓடும். அதில் 172 நாள் மேஜர் லீகில் இருந்தால் ஓர் ஆண்டு. ஆறு ஆண்டு சேர்ந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம். 2015 வசந்த முகாமில் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் 9 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர்போல) அடித்தார், சராசரி .425, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 425 ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) என்ற விகிதம். ஆனாலும் ட்ரிபிள்-ஏ-வுக்குத்தான் அனுப்பினார்கள். ஏப்ரல் 17-இல் மேலே வந்தார், சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அவர் போட்ட முறையீடு 2020-இல் தோற்றது. வீரர்கள் சங்கத்தோடு போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்குக் கொஞ்சம் மருந்து போட்டார்கள். புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தவனுக்கு முழு ஆண்டு சேவை உண்டு. முன்னணி இளைஞனைத் தொடக்கத்திலிருந்தே ஆடவிட்டு அவன் விருது வாங்கினால், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அணிக்குக் கூடுதல் தேர்வு. அந்த ஆண்டே சியாட்டில், ஹூலியோ ரோட்ரிகஸை முதல் நாளே இறக்கியது. அவர் விருது வாங்கினார், அணிக்குத் தேர்வு கிடைத்தது.

சரி, பையன் கையில் இருப்பது என்ன?

முகாமின் பேட்டிங் சராசரி இல்லை. மார்ச் தொடக்கத்தில் எதிரணியின் நட்சத்திரப் பிட்சர், ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் இரண்டை மட்டும் வீசிவிட்டுப் போய்விடுவார். அதிலும் புதிதாகப் பழகும் ஒரு சேஞ்சப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து), அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று வரிசையாக வீசிப் பார்ப்பார். ஆறாவது இன்னிங்ஸுக்குமேல் வீசுகிறவர்கள் முதுகில் 80, 90 என்று எண் போட்ட மைனர் லீக் ஆட்கள். இவர்களிடம் எடுத்த .400-ஐ, கிரிக்கெட்டில் பயிற்சி ஆட்டத்துச் சதத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். அரிசோனாவின் உலர்ந்த காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும், அதையும் கழித்துக்கொள்வார்கள். நிர்வாகம் தேடுவது வேறு: பந்து மட்டையிலிருந்து மணிக்கு 95 மைலுக்குமேல் எத்தனை முறை கிளம்பியது, வளைந்து வெளியே போகும் ஸ்லைடர் பந்தை விட்டானா துரத்தினானா. கடைசிப் பத்து நாளில் பிட்சர்கள் ஐந்து இன்னிங்ஸுக்கு நீட்டி, கையிலிருக்கும் எல்லா வகையையும் வீசுவார்கள். முதல் இரண்டு வாரம் ஃபாஸ்ட்பாலாக அடித்துத் தள்ளியவன் அங்கேதான் மாட்டுவான்.

ஃபீல்டிங் அவ்வளவாகப் பொய் சொல்லாது. ஷார்ட்ஸ்டாப் பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். சாதாரண வேகமுள்ள வலக்கை பேட்ஸ்மேன் முதல் பேஸுக்கு ஓட ஏறக்குறைய 4.3 வினாடி. கோச் கையில் ஸ்டாப்வாட்ச். மட்டையில் பட்டது முதல் முதல் பேஸ்காரர் கிளவில் விழும்வரை அதற்குள் முடிய வேண்டும். இளைஞன் செய்யும் தவறுகள் எப்போதும் இரண்டு. பந்து வரட்டும் என்று நிற்பான், அது அரைகுறை உயரத்தில் எகிறி மணிக்கட்டில் படும். இல்லை, பிடித்த பந்தை எறியுமுன் ஒருமுறை கிளவில் தட்டிக்கொள்வான். வினாடிக்கு 27 அடி ஓடுகிறவருக்கு அந்தத் தட்டலில் போகும் 0.2 வினாடி ஐந்தடிக்குமேல் கொடுக்கும். அவுட்டா இல்லையா என்பது அந்த ஐந்தடியில்தான் முடிவாகும். கைவலிமை இருக்கிறதே என்று எறிதலில் ஈடுகட்டப் பார்த்தால், பந்து உயரே போகும், தோளும் வலிக்கத் தொடங்கும்.

2023-இல் நியூயார்க் யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு ஆன்டனி வோல்பியும் ஆஸ்வால்ட் பெராசாவும் மோதினார்கள். பெராசா முந்தைய செப்டம்பரில் 18 ஆட்டம் ஆடி .306 எடுத்தவர், 40-இல் இருந்தவர். வோல்பிக்கு வயது 21, ட்ரிபிள்-ஏ அனுபவமே 22 ஆட்டம், 40-இல் இடமும் இல்லை. காகிதம் முழுக்க பெராசா பக்கம் பேசியது. வோல்பி முகாமில் .314 எடுத்தார், இடம் அவருக்கு. அந்த சீசன் முடிவில் அவர் சராசரி .209. ஆனால் 21 ஹோம் ரன், 24 ஸ்டீல் (பிட்சர் வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), கூடவே ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது. முகாமில் கண்ட சராசரி கரைந்துபோனது, கால்வேலை நிலைத்தது.

அதே ஆண்டு இளைஞர்களுக்கு இன்னொரு அனுகூலமும் இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் நேரம் வைக்கும் பிட்ச் கிளாக் மேஜர் லீகுக்குப் புதிது, மைனர் லீகில் 2022-இலேயே பழகியிருந்தார்கள். கடிகாரத்தில் 8 வினாடி மிச்சமிருக்கும்போதே பேட்ஸ்மேன் தயாராக நிற்க வேண்டும். முகாம் ஆட்டங்களின் முதல் நாளே அனுபவசாலி மேனி மச்சாடோ தாமதித்து, பந்தே வீசாமல் ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்) வாங்கினார்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்று முழு வேகத்தில் வீசிச் சுழற்றுகிறவனுக்கு விலாப்பக்கத் தசை பிடிக்கும். ஆற நாலு முதல் ஆறு வாரம், அதாவது முகாம் முழுவதும். மட்டையின் அடிக்குமிழ் உள்ளங்கையில் அழுத்தி, மணிக்கட்டுக்குக் கீழே சுண்டுவிரல் பக்கம் இருக்கும் கொக்கி வடிவ எலும்பு முறிவதும் இந்தத் தொழிலில் சகஜம். இரண்டிலும் கொடுமை, அதுவரை எழுதிவைத்த குறிப்பெல்லாம் வீண்.

பணத்தை மறைக்க வேண்டாம். 2025-இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஊதியம் 760,000 டாலர், சீசனின் ஒரு நாளுக்கு நாலாயிரத்துக்குமேல். 40-இல் இல்லாத ட்ரிபிள்-ஏ ஆட்டக்காரருக்கு 2023-இல் ஆண்டு முழுக்கக் குறைந்தபட்சம் 35,800 டாலர்தான். கடைசி வாரத்தில் பையன்கள் ஏன் தூங்குவதில்லை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இடம் கிடைத்தாலும் அது நிரந்தரமில்லை. செயின்ட் லூயிஸின் ஜோர்டான் வாக்கர் 2023-இல் 20 வயதில் அணிக்குள் வந்து முதல் 12 ஆட்டத்திலும் ஹிட் எடுத்தார். ஏப்ரல் முடிவதற்குள் ட்ரிபிள்-ஏ-வில் இருந்தார்.

முடிவு மேனேஜர் அறையில் ஐந்து நிமிடத்தில் சொல்லப்படும். காலையில் ஒரு கோச் லாக்கர் பக்கம் வந்து மெதுவாகப் பேசினால் மற்றவர்கள் ஷூ லேஸைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆப்ஷனில் போகிறவனுக்குப் புது இடத்தில் சேர 72 மணி நேரம் உண்டு. சீசன் தொடங்கியபின் கீழே போனால் பேட்ஸ்மேன் 10 நாள், பிட்சர் 15 நாள் திரும்ப முடியாது, மேலே யாருக்காவது காயம் பட்டால் தவிர. முகாமிலேயே அனுப்பப்பட்டவனுக்கு நல்ல வழி, மறுநாள் காலையே பின்பக்க மைதானத்துக்குப் போவது. அங்கே மைனர் லீக் பயிற்சி ஆட்டங்களில் விதி தளர்வு. கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதல் ஆளாக அவனையே இறக்குவார்கள், ஒரே மத்தியானத்தில் ஆறு முறை பேட் செய்யலாம்.