126 நாள் கணக்கு

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடக் கிடையாது என்று ஏழாம் மாதத்திலேயே முடிவுசெய்துவிட்டேன். வளைகாப்புக்கு வந்த பெரியம்மா மகள், "நாங்களும் அப்படித்தான் சொன்னோம்" என்று சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மதுரையில், அம்மா வீட்டில் தலைப்பிரசவம். அம்மாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. கூடாது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் என் முடிவுக்குச் சோதனையாக வந்தது சேனை அல்ல. அறுவை சிகிச்சைப் பிரசவம். அப்படிப் பிறந்தால் பால் ஊறச் சற்றுத் தாமதமாகலாம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொட்டுச் சொட்டாக வந்த சீம்பாலைப் பார்த்து, இது எந்த மூலைக்கு என்று நானே நினைத்தேன். இரண்டாம் நாள் இரவு பிள்ளை விடாமல் அழுதான். "பால் பற்றவில்லை" என்று சொல்லி, செவிலியர் பவுடர் பால் கலக்கிப் பாலாடையில் கொண்டுவந்தார். அம்மாவும் கணவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தையல் வலியில் விவாதம் செய்ய முடியவில்லை, தலையாட்டினேன். தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே அச்சிட்டிருந்தது. சட்டம் அச்சிடச் சொல்கிறது. நள்ளிரவில் யார் படிக்கிறார்கள்?

மறுநாள் காலை முறைக்கு வந்த மூத்த செவிலியர்தான் என்னைக் காப்பாற்றினார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காம்பு மட்டுமல்ல, கருவளையமும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும் என்று காட்டினார். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பவுடர் பாலில் வயிறு நிறைந்தால் சப்பமாட்டான், சப்பாவிட்டால் பால் குறையும். 2.9 கிலோ 2.7 ஆனதற்கு நான் அழுதபோது, முதல் சில நாளில் எடை இவ்வளவு இறங்குவது வழக்கம்தான் என்றார். ஒரு வாரமானதும் நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தமாம். நான்காம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது!

வீட்டுக்கு வந்ததும் பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு. பால் ஊறுவது சப்புவதால்தான் என்று தெரிந்தும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தெருவில் கழுதைப் பால் விற்கிறவர் குரல் கொடுத்தபோது நான் பதறி எழுந்தேன். அம்மாச்சியே வாசலுக்குப் போய், "எங்கள் வீட்டில் வேண்டாம் அப்பா" என்று அனுப்பிவிட்டு வந்து, சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு என் நாக்கில் வைத்தார். "உன் வழியாகப் போகட்டும்" என்றார்.

அடுத்த தடை அலுவலகம். சட்டப்படி விடுப்பு 26 வாரம். கால் வீக்கத்தால் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டேன். மிச்சம் 18 வாரம், அதாவது 126 நாள். ஆறு மாதத்துக்கு எங்கே போவது? அரசுப் பள்ளி ஆசிரியையான அண்ணிக்கு 12 மாத விடுப்பு. பால் எடுக்கும் பம்ப் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. தாய்ப்பாலில் அவருக்கு என்னைவிட அக்கறை அதிகம் என்று நான் நம்பவில்லை.

சென்னைக்கு அம்மாவும் கூட வந்தார். அலுவலகத்தில் கோப்பு அறைதான் எனக்குப் பால் எடுக்கும் அறை. தாழ்ப்பாள் கிடையாது, தோழி வெளியே காவல் நிற்பாள். பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்ப்பால் ஊட்டும் அறை இருக்கிறது, என் கண்ணாடிக் கட்டடத்தில் இல்லை. எடுத்த பாலைக் குளிர்பதனப் பெட்டியில், தயிர்சாத டப்பாக்களுக்கு நடுவே வைத்து மாலையில் கொண்டுபோவேன். மறுநாள் அம்மா அதைப் பாலாடையில் புகட்டுவார்.

ஆறு மாதம் முடிந்து எடை பார்க்கப் போனபோது மருத்துவர், "தாய்ப்பால் மட்டும்தானே?" என்று கேட்டார். நான் தயங்கினேன். அம்மா முந்திக்கொண்டு, "ஆமாம் டாக்டர், ஒரு சொட்டு வேறு எதுவும் இல்லை" என்றார். அந்த இரண்டாம் நாள் இரவு பாலாடையைக் கழுவி வைத்தவர் அவர்தான்.