யாருக்குப் போட்டோம், யாருக்கு வேண்டாம் என்றோம்

2025 முடியப் போகிறது. எங்களைப் போன்ற சின்ன சோலார் கம்பெனிக்கு இது நல்ல வருஷம்தான். பெரிய திறமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, எல்லாம் வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் புண்ணியம். 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் நேராக வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கே வந்துவிடுகிறது என்றால் யார்தான் கேட்காமல் இருப்பார்கள்? செப்டம்பரில் மட்டும் வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டது. சோலார் மேல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது என்று அறிவித்ததுமே, "22ஆம் தேதிக்கு அப்புறம் பில் போடுங்க சார்" என்று எல்லாரும் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

விற்பது இவ்வளவு சுலபமானதால்தான் யாருக்கு விற்கக் கூடாது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சென்னை வெயிலுக்கு 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் தரும், இரண்டு மாத பில்லுக்கு 700 சொச்சம். ஆனால் அந்த 700 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு வேறு. மூன்று ஏ.சி. ஓடி 1000 யூனிட்டைத் தாண்டுகிற அண்ணா நகர் வீட்டில், மேலே போகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல் கட்டுகிறார்கள். சோலார் முதலில் வெட்டுவது அந்த உச்சிப் பகுதியைத்தான், அதனால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பிவிடும். 250 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம், மிச்சத்துக்கு வருவது சில நூறு ரூபாய் பில். அந்த வீட்டுக்கு எதற்கு சோலார்?

கொளத்தூரில் ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர், மானியம் போக மீதியைக் கட்டக் கையில் பணத்தோடு இருந்தார். "எல்லாரும் போடுறாங்களே தம்பி" என்றார். பழைய பில்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம்மா, ஏ.சி. வாங்கினா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். கூட வந்த எங்கள் சேல்ஸ் பையனுக்கு முகம் தொங்கிவிட்டது, இன்சென்டிவ் போச்சே என்று. வாட்ஸாப்பில் சுற்றுகிற "கரண்ட் பில் பூஜ்யம்" விளம்பரங்களில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்வதில்லை. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். பேட்டரி இல்லாத, லைனோடு இணைத்த சிஸ்டம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. தெருவில் லைன்மேன் கம்பியைத் தொடும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் போய் அவரைத் தாக்கிவிடக் கூடாது. நியாயமான காரணம்தான். ஆனால் பட்டப்பகலில், மாடியில் வெயில் கொளுத்தும்போது வீட்டுக்குள் ஃபேன் நின்றால், முன்னாடியே சொல்லப்படாத ஆளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். இப்போது கையெழுத்து வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுகிறோம். பேட்டரி வேண்டுமென்றால் செலவு கூடும் என்பதையும் சேர்த்து.

அப்புறம் ஸ்ட்ரக்சர், அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம். கீழே துணி காயப்போட இடம் வேண்டும், வடாம் போட வேண்டும் என்று பேனலை எட்டடி உயரத்தில் தூக்கச் சொல்வார்கள். தூக்கலாம், ஆனால் காற்று அடியில் புகுந்து விரித்த குடை மாதிரி இழுக்கும். 2016 வர்தா புயலைப் பார்த்த ஊர் இது. சட்டத்தின் கால்களின் கனம், அதைத் தளத்தோடு பிடிக்கும் பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட் எல்லாவற்றையும் கூட்டினால் விலையும் ஏறும், "பக்கத்துக் கம்பெனி குறைச்சுச் சொல்றான்" என்ற பேச்சும் வரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்று வேறு. நல்ல கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) இல்லாத இரும்பில் வெட்டிய முனையிலும் துளை போட்ட இடத்திலும்தான் முதலில் துரு பிடிக்கும். மாடிக்குப் போனால் எங்கள் ஆட்கள் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடங்களைத்தான்.

சரி, அடுத்த வருஷம். தனி வீடுகளைத் துரத்துவதைக் குறைத்துக்கொண்டு அபார்ட்மென்ட்களுக்குப் போகப் போகிறோம். லிஃப்ட் உள்ள குடியிருப்பில் பொது இணைப்புக்கு இலவச யூனிட்டும் கிடையாது, யூனிட் கூடக் கூட விலை ஏறும் ஸ்லாபும் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்க்கு மேல். மோட்டாரும் லிஃப்டும் பகலில்தான் நிறைய ஓடும், நமக்கு வசதி. குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. சிக்கல் மொட்டை மாடி யாருடையது என்பதில்தான். மேல் மாடிக்காரர் ஒருவர் முறைத்தால் போதும், சங்கக் கூட்டம் மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு நீளும். இதற்கென்றே பொறுமைசாலியான ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்ஜினியரிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு வேலை, பராமரிப்புக்குத் தனி டீம். பேனலுக்கு 25 வருஷம் என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறோம், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் தாங்காது என்பதைச் சன்னமாகத்தான் சொல்கிறோம். ஜனவரியிலிருந்து கொட்டேஷனிலேயே இன்வெர்ட்டர் மாற்றும் செலவைத் தனி வரியாகப் போடுகிறோம். அதைப் பார்த்துச் சில பேர் ஓடுவார்கள். ஓடட்டும்.