கொல்லைக் கதவு

நாச்சியார்கோவிலில் வார்க்கும் குத்துவிளக்குகளை வாங்கி இணையத்தில் விற்கிறேன். எனக்குப் பிழைப்பே கார்த்திகையை ஒட்டித்தான். சென்ற ஆண்டு சரியாக அந்த நேரம் பார்த்துத் திருச்சி வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார். “அன்ன விளக்கைத் தேடி வந்தால் சூதாட்டத் தளம் திறக்கிறதே, ஐயா?” முகவரியைத் தட்டிப் பார்த்தேன், விளக்குகள்தான் தெரிந்தன. அவருடைய போனில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன். கூகுளில் தேடி வருகிறவர்களை மட்டும் திருப்பிவிட்டு, நேராக வரும் முதலாளிக்கு நல்ல முகம் காட்டும் வித்தை அது, என் தளத்துக்குள் புகுந்தவர்கள் வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

கும்பகோணத்தில் கணினி படிக்கும் அக்காள் மகன் வந்து துருவினான். நிர்வாகிகள் பட்டியலில் நான் சேர்க்காத ஒரு பெயர். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் ஓடக்கூடிய நிரல். “மாமா, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருக்கிறீர்கள்” என்றான். எப்போதோ ஒரு தீபாவளித் தள்ளுபடிக்காகச் சேர்த்த செருகுநிரலை, அதாவது தளத்தில் கூடுதல் வசதிக்காக ஒட்டும் சிறு நிரலைச் சொன்னான். தள்ளுபடி முடிந்தும் அதை நீக்கவில்லை, இரண்டு ஆண்டாகப் புதுப்பிக்கவும் இல்லை.

விளக்கு விற்கிறவனிடம் எவன் வரப்போகிறான் என்றிருந்தேன். தெரு முழுக்கக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும் நிரலுக்கு விளக்குக் கடையும் வங்கியும் ஒன்றுதானாம்.

முந்தைய வாரக் காப்புப் பிரதியை மீட்டோம். மறுநாளே சூதாட்டம் திரும்பிவிட்டது, பிரதியிலும் நஞ்சு. இரண்டு இரவு விழித்து தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புதிதாக நிறுவி, தரவுத்தளத்தை மட்டும் சலித்து எடுத்துச் சேர்த்தோம். கடவுச்சொற்கள் எல்லாம் மாறின. இரண்டடுக்குச் சரிபார்ப்பு வந்தது. படக் கோப்புறைக்குள் எந்த நிரலும் ஓடாதபடி தடை போட்டான். ஐந்து முறை தவறினால் நுழைவு பூட்டிக்கொள்ளும். காப்புப் பிரதிகள் இப்போது வேறிடத்தில், மூன்று மாதத்துக்கு.

தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரும் பதிந்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு, ஆளைப் பிடித்தால். யார் எப்போது வந்தார்கள் என்று காட்டும் சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவு. என் கணக்கில் பார்க்கக் கிடைத்தவை ஏழு நாளுக்குத்தான். தளத்துக்குள் புகுந்தவர்கள் நுழைந்தது என்றைக்கு என்பதுகூடத் தெரியவில்லை.

மறுஆய்வுக்கு விண்ணப்பித்த பிறகு தேடலில் என் தளத்தின் மேல் போட்டிருந்த எச்சரிக்கையைக் கூகுள் நீக்கியது. திருக்கார்த்திகை முந்தைய நாளே முடிந்திருந்தது.