ஃப்ரீசர்ஃபரில் மூளைப் புறணிக்குப் பெயரிட்ட அனுபவம்

முதியவர்களின் எம்ஆர்ஐ படங்களில் மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனைப் பகுதி பகுதியாக அளக்க வேண்டும். கையால் எல்லை வரைந்தால் ஒரு மூளைக்கே நாள்கணக்கில் ஆகும் என்பதால் ஃப்ரீசர்ஃபரை எடுத்தோம். பாஸ்டனின் மார்டினோஸ் மையத்தில் வளர்ந்த இலவச மென்பொருள் இது.

'ரீகான்-ஆல்' கட்டளையைக் கொடுத்தால் மணிக்கணக்கில் ஓடும். மண்டையோட்டை நீக்கி, புறணிக்கு அடியிலுள்ள வெள்ளைப் பொருளின் எல்லையைப் பிடித்து, அதை முக்கோண வலையாக்கும். புறணியின் பெரும்பகுதி மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் வலையை உப்ப வைத்துக் கோளமாக்கி, பல மூளைகளின் சராசரிக் கோளத்தோடு மடிப்புக்கு மடிப்பு பொருத்தும். அப்புறம்தான் பகுதிகளுக்குப் பெயர். ஒரு புள்ளி இருக்கும் இடம், அங்குள்ள வளைவு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் பெயர், இவற்றை வைத்து எது அதிகம் சாத்தியமோ அதைச் சூட்டும்.

புறணியை எப்படிப் பகுதிகளாகப் பிரிப்பது என்பதற்கு ஒரு வரைபடம் வேண்டும். நாங்கள் எடுத்தது 2006இல் வந்த டெசிகன்-கில்லியனி வரைபடம். 40 பேரின் மூளைகளில் கையால் குறித்ததிலிருந்து உருவானது. மூளையின் ஒவ்வொரு பாதிக்கும் 34 பகுதிகள். டெஸ்ட்ரியூ வரைபடத்தில் 74. சுருங்கிய மூளைகளில் அவ்வளவு நுணுக்கமான எல்லைகளை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வண்ணம் பூசிய மூளை திரையில் வந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். என் அனுபவத்தில் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஃப்ரீசர்ஃபரோடு வரும் ஃப்ரீவியூ என்ற படம் பார்க்கும் கருவியில் சாம்பல் நிறப் படத்தின் மேல் எல்லைக்கோடுகளை வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தோம். நினைவோடு தொடர்புடைய எண்டோரைனல் புறணிக்கு அருகே, புறணியின் வெளிக்கோடு மூளையைச் சுற்றியுள்ள டியூரா உறையையும் சேர்த்துக்கொண்டிருந்தது. அல்சைமர் நோயில் முதலில் மெலியும் இடங்களில் ஒன்று அது. தடிமன் கூடுதலாக வந்தால் நோயே மறைந்துபோகும். உறையை அழித்துவிட்டு, வெளிப்பரப்பை மட்டும் மறுபடி ஓட்டினோம். முதியவர்களின் வெள்ளைப் பொருளில் தெரியும் கருந்திட்டுகளைச் சாம்பல் பொருளாக, அதாவது புறணியாக, எடுத்துக்கொண்ட இடங்களையும் கையால் திருத்தினோம்.

மூளையின் உட்பக்கத்திலுள்ள சிங்குலேட் பகுதி வேறு ரகம். சிலருக்கு அங்கே ஒரு பள்ளம், சிலருக்கு இணையாக இரண்டு. அதற்கேற்ப எல்லை நகர்கிறது. அது மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு, மென்பொருளின் பிழை இல்லை. அத்தகைய மூளைகளைத் திருத்தாமல் தனியாகக் குறித்து வைத்தோம்.

இதில் இறங்குபவர்கள் வரைபடத்தின் பெயரையும் மென்பொருளின் பதிப்பையும் முதல் நாளே எழுதி வையுங்கள். பதிப்பு மாறினால் தடிமனும் மாறும். பாதியில் புதுப்பிக்கத்தான் வேண்டும் என்றால், எல்லா மூளைகளையும் முதலிலிருந்து ஓட்டுங்கள்.