ஓய்வூதிய வயது: கேட்கும் விதம்

"ஓய்வூதிய வயதை உயர்த்தலாமா? ஆம் / இல்லை."

இன்று கண்ணில் பட்ட ஒரு கருத்துக்கணிப்புத் தாளில் கேள்வி இவ்வளவுதான். உயர்த்தாவிட்டால் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரிகூட இல்லை.

இப்படிக் கேட்டால் யாரும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். உழைக்கும் வயதினர் குறைந்து முதியவர்கள் பெருகும்போது முக்கியமான வழிகள் மூன்று: சம்பளப் பிடித்தத்தையோ வரியையோ கூட்டுவது, ஓய்வூதியத்தைக் குறைப்பது, வேலைக்காலத்தை நீட்டுவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் மனசு தெரியும்.

சுவிட்சர்லாந்தில் 2024 மார்ச் 3 அன்று ஒரே நாளில் இரண்டு வாக்கெடுப்புகள். ஆண்டுக்கு 13-வது மாத ஓய்வூதியம் வேண்டும் என்றவர்கள் சுமார் 58 சதவீதம். வயதை 66 ஆக்கும் யோசனையை மறுத்தவர்கள் ஏறக்குறைய 75 சதவீதம்.

இதைப் பேராசை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கூடுதல் தொகைக்கு நிதி எப்படி என்பது வாக்குச்சீட்டில் இல்லவே இல்லை.

வேகமும் முக்கியம். 65-ஐ 67 ஆக்க ஜெர்மனி 2007-இல் சட்டம் போட்டு, 2012 முதல் 2031 வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது. முதல் பன்னிரண்டு பிறந்த ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டினருக்கும் முந்தைய ஆண்டினரைவிட ஒரு மாதம்தான் கூடுதல். பிரான்சில் 2023-இல் 62-ஐ 64 ஆக்கும் சட்டம், பிறந்த ஆண்டுக்கு மூன்று மாதம் என்ற வேகத்தில், நாடாளுமன்றக் கீழவையான தேசிய சபையின் இறுதி வாக்கெடுப்பே இல்லாமல் வந்தது. தெருவே கொந்தளித்தது.

பதினெட்டு வயதிலிருந்து மூட்டை தூக்கியவருக்கும் மேசை வேலை பார்த்தவருக்கும் ஒரே வயதா? அடுத்த கணிப்பில் முதலில் இதைக் கேளுங்கள்.